ஃபிலிம் கேமரா: முதல் ரோல்ல இருந்து மலை, கடல், ஆளுங்க மூஞ்சி வரைக்கும் ஒரு முழு வழிகாட்டி

மொதல்லயே காசு கணக்க பேசிடுவோம், கடைசில சொன்னா திட்டுவீங்க. கலர் ரோல் ஒண்ணு, டெவலப், ஸ்கேன், கூரியர் எல்லாம் கூட்டி ஒரு ரோல்ல வர்ற 36 படத்தால வகுத்தா ஒரு கிளிக்குக்கு நாப்பது ரூபாய் பக்கம் வருது. பட்டன அமுக்குற ஒவ்வொரு தடவையும் மூணு டீ காலி. அப்புறமும் ஆசை போகலைன்னா மேல படிங்க.

நான் போடுற கண்டிஷன் ஒண்ணே ஒண்ணுதான்: முதல் ஆறு ரோல் வரைக்கும் ஒரே கேமரா, ஒரே லென்ஸ், ஒரே ஃபிலிம். ஃபிலிம்ல ரிசல்ட் ரெண்டு வாரம் கழிச்சுதான் கைக்கு வரும், அதுக்குள்ள கேமராவையும் மாத்தி ஃபிலிமையும் மாத்தி வெச்சிருந்தா படம் ஏன் இருட்டா வந்துச்சுன்னு யார கேக்குறது? இன்னொண்ணு, முதல் மூணு நாலு ரோல வெளிய, மலை கடல் தெருன்னு எடுங்க, ஆளுங்கள அப்புறம் எடுக்கலாம். நீங்க வெளிச்சத்த அளக்குற மீட்டரோட மல்லுக்கட்டுற வரைக்கும் மலை சலிச்சுக்காது, சித்தப்பா சலிச்சுக்குவாரு.

கேமரா வாங்குறது

புதுசு தேவையே இல்ல. விஸ்காம் படிச்ச அண்ணனோ அக்காவோ சொந்தத்துல இருந்தா முதல்ல அவங்க வீட்டு பரண்ல தேடுங்க, நிக்கான் எஃப்எம்10 ஒண்ணு தூங்கிட்டு இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. இல்லைன்னா பென்டாக்ஸ் கே1000. 1976ல இருந்து 1997 வரைக்கும் செஞ்சாங்க, பேட்டரி மீட்டருக்கு மட்டும்தான், பேட்டரி செத்தாலும் கேமரா ஓடும். கேனான் ஏஇ-1 அழகான கேமராதான், ஆனா பேட்டரி இல்லைன்னா வெறும் பேப்பர் வெயிட், மலை மேல அது செத்துச்சுன்னா ஃபைனல். அதனால ஆரம்பத்துக்கு பேட்டரி இல்லாமலே ஓடுற மெக்கானிக்கல் ஷட்டர் இருக்கிறதா பாருங்க. லென்ஸ் 50 எம்எம் போதும்.

பழைய கேமரா வாங்கும்போது நான் பாக்குற வரிசை இது. பேட்டரி மூடிய திறந்து பச்சையா பூத்திருக்கான்னு பாப்பேன். பின் கதவ திறந்து ஓரத்துல இருக்கிற கருப்பு ஃபோம விரலால தொட்டா தார் மாதிரி ஒட்டுச்சுன்னா வெளிச்சம் உள்ள கசியும், மாத்தணும், பெரிய செலவு இல்ல. அப்புறம் லென்ஸ கழட்டி பின்னாடி இருந்து போன் டார்ச் அடிச்சு பாப்பேன், உள்ள சிலந்தி வலை மாதிரி கோடு கோடா இருந்தா அது ஃபங்கஸ், விலை எவ்வளவு கம்மின்னாலும் வேணாம்னு சொல்லிடுங்க, நம்ம ஊர் ஈரப்பதத்துல அது வளரத்தான் செய்யும். கடைசியா ஷட்டர் எல்லா ஸ்பீடுலயும் அடிச்சு காது குடுத்து கேளுங்க, 1 செகண்டுன்னு வெச்சா ஒரு செகண்ட் மாதிரி இருக்கணும், நடுவுல மூச்சு வாங்குச்சுன்னா சர்வீஸ் பண்ணணும். பழைய ஏஇ-1 கேமரா பலதும் ஷட்டர் அடிக்கும்போது எண்ணெய் காஞ்சு போய் இருமும், அத கேட்டு பயப்படாதீங்க, சரி பண்ணலாம்.

சென்னைல பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைல பழைய கேமரா வரும். போறது தப்பில்ல, ஆனா அங்க வாங்குற கேமராவ ஷோகேஸுக்குன்னு நெனச்சு வாங்குங்க, ஓடுச்சுன்னா அதிர்ஷ்டம்.

தாத்தா பெட்டில ஆக்ஃபா கிளிக் 3 இருந்தா தூக்கி போட்டுடாதீங்க. அதுக்கு 120 ஃபிலிம் போடணும், ஒரு ரோல்ல சதுரமா 12 படம் வரும், அந்த ஃபிலிம் இன்னும் கிடைக்குது. ஆனா அது ஏழாவது ரோலுக்கு.

ஃபிலிம்

பகல்ல வெளிய எடுக்க கோடாக் கோல்ட் 200, கருப்பு வெள்ளைன்னா இல்ஃபோர்ட் எச்பி5. ரெண்டுல ஒண்ண புடிங்க, ஆறு ரோலும் அதுவே. எனக்கு சாய்வு எச்பி5 பக்கம், ஏன்னா அத வீட்லயே கழுவலாம் (டெவலப் பண்றதத்தான் சொல்றேன்), வெளிச்சத்த சீக்கிரம் புடிக்கிற 400 ஸ்பீடு இருக்கிறதால வெயில்லயும் வீட்டுக்குள்ளயும் ஓடும், தப்பு பண்ணாலும் மன்னிக்கும். நெகட்டிவ் இல்லாம நேரா படமாவே வர்ற ஸ்லைடு ஃபிலிம் பக்கம் இப்போதைக்கு போகாதீங்க, அரை ஸ்டாப் தப்பினாலே முகத்துல காட்டிடும் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்காகுறது, இல்லைன்னா பாதியாகுறது).

சினிமா ஃபிலிம சின்ன சின்ன ரோலா சுத்தி கம்மி விலைக்கு விக்கிறாங்க, 250டி (250D), 500டி (500T)ன்னு பேர் இருக்கும். கலர் அருமையா இருக்கும், ஆனா பழைய ஸ்டாக்ல முதுகுல ரெம்ஜெட்னு ஒரு கருப்பு பூச்சு உண்டு, அத சாதாரண கலர் நெகட்டிவ் கழுவுற சி-41 லேப்ல குடுத்தா அவங்க மெஷினும் கெமிக்கலும் நாசம். குடுக்கிறதுக்கு முன்னாடி லேப்ல வாய விட்டு கேட்டுடுங்க.

எக்ஸ்பைரி ஆன ரோல் கிடைச்சா பத்து வருஷத்துக்கு ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூட குடுக்கணும்னு கலர் நெகட்டிவுக்கு ஒரு நாட்டு வைத்தியம் இருக்கு. வேலை செய்யலாம், செய்யாமலும் போகலாம், கல்யாண வீட்டுக்கு எடுத்துட்டு போகாதீங்க.

ரோல ஃப்ரிட்ஜ்ல காத்து போகாத டப்பால வைங்க, எடுத்ததும் திறக்காம ஒரு மணி நேரமாவது வெளிய விட்டுட்டு அப்புறம் போடுங்க, இல்லைன்னா வேர்த்துடும். நிறுத்தி வெச்ச கார்ல மட்டும் ரோல விட்டுட்டு போகாதீங்க, மே மாசத்துல அது அடுப்பு.

ஒரு பெருமைய இங்கயே சொல்லிடறேன். ஒரு காலத்துல ஃபிலிம நம்ம ஊட்டிலயே செஞ்சாங்க. இந்துநகர்ல ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ்னு மத்திய அரசு கம்பெனி, 1967ல உற்பத்தி ஆரம்பிச்சு 'இந்து'ங்கிற பேர்ல கருப்பு வெள்ளை ஃபிலிமும் பேப்பரும் எக்ஸ்ரே ஃபிலிமும் போட்டாங்க. இப்போ மூடியாச்சு. குளிர்ச்சியும் சுத்தமான காத்தும் இருந்த இடத்துல செஞ்ச பொருள நாம 35 டிகிரில பையில போட்டு சுத்துறோம், அதான் அவ்வளவு ஃப்ரிட்ஜ் கதை.

ரோல் போடுறது: இத மட்டும் ரெண்டு தடவ படிங்க

எங்க அத்தை பொண்ணு வளைகாப்பு. நான்தான் கேமரா, ரொம்ப கெத்தா சுத்துறேன். படம் எண்ணுற கவுண்டர் 36 தாண்டிடுச்சு, 38, 39, ஃபிலிம நகத்துற லீவர் இன்னும் இழுக்குது, ஆஹா போனஸ்னு நெனச்சு இன்னும் நாலு எடுத்தேன். வீட்டுக்கு வந்து ரீவைண்ட் பண்ணா ரெண்டே சுத்துல நின்னுடுச்சு. ஃபிலிம் அது சுத்திக்க வேண்டிய உருளைல, அதான் ஸ்பூல்ல, மாட்டவே இல்ல, நாள் பூரா டப்பாக்குள்ளயே உக்காந்திருக்கு. அத்தை இன்னைக்கும் அத சொல்லிக் காட்டுவாங்க.

இப்படி பண்ணுங்க. நிழல்ல நில்லுங்க, நிழல் இல்லைன்னா வெயிலுக்கு முதுக காட்டி உங்க நிழல்லயே போடுங்க. ரீவைண்ட் குமிழ மேல இழுத்து கதவ திறந்து, டப்பாவ இடது பக்கம் வெச்சு குமிழ கீழ தள்ளுங்க. நாக்கு மாதிரி நீட்டிட்டு இருக்கிற முனைய வலது பக்க ஸ்பூல்ல சொருகி, லீவர ஒரு தடவ தள்ளி, பல்லு ரெண்டு பக்க ஓட்டைலயும் மாட்டிடுச்சான்னு கண்ணால பாத்துட்டு கதவ மூடுங்க. அப்புறம் ரீவைண்ட் கைப்பிடிய அம்புக்குறி பக்கம் மெதுவா சுத்தி தளர்ச்சிய எடுங்க, இறுக்கம் தெரிஞ்சதும் நிறுத்துங்க. இப்ப லீவர தள்ளும்போது இடது பக்க குமிழ் எதிர் பக்கமா சுத்தணும். சுத்துச்சுன்னா ஃபிலிம் ஓடுது. சுத்தலைன்னா கதவ திறந்து திரும்ப போடுங்க, ஒரு இன்ச் வீணாப் போனா போகட்டும். ரோல் பாதில இருக்கும்போதும் அப்பப்போ அந்த குமிழ் மேல ஒரு கண்ணு இருக்கட்டும்.

முடிஞ்சதும் கேமரா அடில இருக்கிற சின்ன பட்டன அமுக்கிட்டு கைப்பிடிய சுத்துங்க. திடீர்னு லேசாகி ஃப்ரீயா சுத்துற வரைக்கும் கதவ திறக்கவே கூடாது. அடுத்த ரோல் போட்டதும் ஐஎஸ்ஓ டயல ரோல்ல இருக்கிற ஸ்பீடு நம்பருக்கு வெக்க மறக்காதீங்க, நான் மூணு தடவ மறந்திருக்கேன்.

கே1000க்கு ஆஃப் ஸ்விட்ச் கிடையாது, லென்ஸ் மூடிய போட்டாதான் மீட்டர் தூங்கும். மூடாம பையில வெச்சா பேட்டரி தீரும். எல்ஆர்44 பேட்டரி ரெண்டு எக்ஸ்ட்ரா பர்ஸ்லயே வெச்சுக்கோங்க.

வெளிச்சத்த படிக்கிறது

மீட்டர் ஒரு முட்டாள், ஆனா நேர்மையான முட்டாள். எதக் காட்டினாலும் அது நடுத்தர சாம்பல் நிறம்னு நெனச்சுக்கும். வெள்ளை வேட்டிய காட்டினா அத சாம்பலாக்க சொல்லும், வேட்டி மங்கி, மேல இருக்கிற மூஞ்சி கரியாகிடும். கருப்பு கல் தூணக் காட்டினா உல்டா. இது புரிஞ்சிடுச்சுன்னா பாதி ஃபிலிம் கத்துக்கிட்டீங்க.

மீட்டர் இல்லாமலே கணக்கு போட ஒரு பழைய வழி இருக்கு, சன்னி 16னு சொல்வாங்க. நல்ல வெயில்ல அப்பர்ச்சர், அதாவது லென்ஸ் துவாரம், எஃப்/16 (நம்பர் பெருசானா துவாரம் சின்னது), ஷட்டர் ஸ்பீட் ஃபிலிம் நம்பருக்கு பக்கத்துல இருக்கிற எண். 200 ஃபிலிம்னா 1/250 செகண்ட், 400 ஃபிலிம்னா 1/500. மேகம் வந்தா வானத்த பாக்காதீங்க, தரைல உங்க நிழல பாருங்க. நிழல் ஓரம் கத்தி மாதிரி இருந்தா எஃப்/16, ஓரம் மங்கினா எஃப்/11, நிழல் இருக்கா இல்லையான்னு சந்தேகம் வந்தா எஃப்/8, நிழலே இல்லைன்னா எஃப்/5.6, திண்ணை மாதிரி திறந்த நிழல்ல உக்காந்தா எஃப்/4. ஷட்டர் மாத்த வேணாம். ஒரு வாரம் கேமராவே இல்லாம பஸ் ஸ்டாப்ல நின்னுட்டு இப்ப எஃப் எத்தனைன்னு மனசுக்குள்ள சொல்லிட்டே இருங்க. பைத்தியம்னு நெனப்பாங்க, பரவால்ல.

சந்தேகம் வந்தா நெகட்டிவ் ஃபிலிம்ல வெளிச்சம் கூட குடுங்க, கம்மி பண்ணாதீங்க. ஒரு ஸ்டாப், ரெண்டு ஸ்டாப் கூடினா கலர் நெகட்டிவ் தாங்கும். குறைஞ்சுதுன்னா இருட்டுல விவரமே பதிவாகாது, எந்த ஸ்கேனராலயும் இல்லாதத எடுக்க முடியாது.

கூடவே ஒரு சின்ன நோட்டு. படம் 7, திண்ணை, எஃப்/4, 1/250 அவ்வளவுதான் எழுத வேண்டியது. ரெண்டு வாரம் கழிச்சு ரிசல்ட் வரும்போது இந்த நோட்டு இல்லைன்னா ஒண்ணுமே கத்துக்க முடியாது, இதனாலதான் ஒரே ஃபிலிம்னு அடம் புடிக்கிறேன்.

மலையும் கடலும்

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு ஏறி போய் இறங்கினதும் கேமராவ வெளிய எடுக்கணும்னு கை பரபரக்கும். பொறுங்க. ஏசி கார்ல இருந்து இறங்கினா லென்ஸ் வேர்த்துடும், பைய மூடினபடியே இருபது நிமிஷம் விட்டுட்டு எடுங்க. துணியால தேய்க்காதீங்க.

மூடுபனி நம்ம கண்ணுக்கு சாம்பல், உண்மைல அது வெள்ளை. மீட்டர் சொல்றத அப்படியே கேட்டா பனி அழுக்கு நிறத்துல வரும், ஒரு ஸ்டாப் கூட குடுங்க. அதே விதி மணலுக்கும். அருவின்னா ஆகாயகங்கைக்கு ஆயிரம் படி இறங்கணும், ட்ரைபாட் தூக்கிட்டு போறது உங்க முட்டி விஷயம். தண்ணி பால் மாதிரி வரணும்னா 1/8, 1/4 மாதிரி மெதுவா எடுக்கணும், 1/500ல எடுத்தா துளித்துளியா நிக்கும். எனக்கு ரெண்டாவதுதான் புடிக்கும், பால் மாதிரி அருவி பாத்து பாத்து சலிச்சுடுச்சு. விடியறதுக்கு முன்னாடி ரொம்ப நேரம் ஷட்டர திறந்து வெக்கிறதா இருந்தா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, நீளமான எக்ஸ்போஷர்ல ஃபிலிமுக்கு சோம்பேறித்தனம் வரும். மீட்டர் 10 செகண்ட் கேட்டா எச்பி5க்கு 20 செகண்ட் குடுக்கணும்.

கருப்பு வெள்ளைல மேகம் எடுப்பா தெரியணும்னா மஞ்சள் ஃபில்டர் ஒண்ணு வாங்குங்க. ஒரு ஸ்டாப் வெளிச்சம் சாப்பிடும், நீல வானம் கொஞ்சம் இருண்டு மேகம் பொங்கி நிக்கும். சிவப்பு ஃபில்டர் மூணு ஸ்டாப் சாப்பிட்டு வானத்த கிட்டத்தட்ட கருப்பாக்கிடும், ஒரு தடவ விளையாட சரி.

கடல்ல பிரச்சன உப்பு. காசிமேடு, பழவேற்காடுன்னு போயிட்டு வந்தா அன்னைக்கு ராத்திரியே லேசா ஈரம் பண்ணின துணியால கேமரா உடம்ப தொடச்சு, காஞ்ச துணியால இன்னொரு தடவ தொடச்சு வெச்சுடுங்க. கடற்கரைல ரோல் மாத்தவே மாத்தாதீங்க, ஒரு மணல் துகள் உள்ள போச்சுன்னா ரோல் பூரா ஒரே கோடு விழும். மீனவர்கள படம் எடுக்கணும்னா முதல்ல கேமராவ கீழ வெச்சுட்டு பேசுங்க. வலை இழுக்கும்போது குறுக்க நின்னா திட்டு வாங்குவீங்க, நியாயமான திட்டு. காட்டுக்குள்ள நடக்கிறதா இருந்தா வனத்துறை அனுமதி வாங்கிட்டு போங்க.

ஃப்ளைட்ல போனா ரோல செக்-இன் பெட்டில போடவே கூடாது, அந்த ஸ்கேனர் கழுவாத ஃபிலிம கெடுத்துடும். கைப்பைல உள்ள இருக்கிறது தெரியிற கவர்ல போட்டு, கையால செக் பண்ண முடியுமா சார்னு பணிவா கேளுங்க. பழைய எக்ஸ்ரே மெஷின்ல ஒண்ணு ரெண்டு தடவ போனா 400 ஃபிலிமுக்கு பெருசா ஒண்ணும் ஆகாது, புதுசா வர்ற சிடி (CT) ஸ்கேனர்தான் வில்லன்.

இப்ப ஆளுங்க

வெளிச்சத்த நிழல வெச்சு படிக்க பழகிட்டீங்கன்னா போர்ட்ரெய்ட் பாதி முடிஞ்சுது. ஆளக் கூட்டிட்டு போய் வெயில்ல நிக்க வெக்காதீங்க, கண்ணு சுருங்கும், கண்குழில கருப்பு விழும். திண்ணை, வாசப்படிக்கு உள்பக்கம், மரத்தடி, ஜன்னல் ஓரம் இதெல்லாம்தான் நம்ம ஸ்டுடியோ. ஜன்னல்னா ஆள் ஜன்னலுக்கு பக்கவாட்டுல, ஒரு கை தூரத்துல, நீங்க சுவர் பக்கம். மறு பக்க கன்னம் ரொம்ப இருண்டா வெள்ளை வேட்டி ஒண்ண நாற்காலில விரிச்சு போட்டா போதும், வெளிச்சம் திரும்பி வரும்.

நம்ம தோல் நிறத்துக்கு மீட்டர் பாக்குறதுலதான் நெறைய பேர் சொதப்புறாங்க. பின்னாடி வெள்ளை சுவர் இருந்தா மூஞ்சி இருண்டு போகும், அதனால கிட்டப் போய் பாக்கணும். என் வழி இது: அவங்க மேல விழுற அதே வெளிச்சத்துல என் உள்ளங்கைய நீட்டி அதுல மீட்டர் பாப்பேன், அதுக்கு மேல ஒரு ஸ்டாப் திறப்பேன். மாநிறம், கருப்பு, சிவப்பு யாரா இருந்தாலும் உள்ளங்கை கிட்டத்தட்ட ஒரே வெளிச்சத்துல இருக்கும், அதான் சூட்சுமம். தோல வெளுப்பாக்கணும்னு கூடுதலா திறக்காதீங்க. கருப்பு தோல்ல நெத்தி மேலயும் கன்னத்து மேலயும் விழுற பளபளப்புதான் கருப்பு வெள்ளைல படத்தையே தூக்கி நிறுத்தும், அத வெளுத்து விட்டா அப்புறம் என்ன இருக்கு.

வீட்டுக்குள்ள ஜன்னல் வெளிச்சத்துல 400 ஃபிலிமுக்கு பொதுவா 1/60, எஃப்/2.8 பக்கம் வரும். 50 எம்எம் லென்ஸ கைல புடிச்சு 1/60க்கு கீழ போகாதீங்க, நடுங்கும். ஃபோகஸ் உங்க பக்கம் இருக்கிற கண்ணுல. கேமரால கண்ண வெச்சு பாக்கும்போது நடுவுல பிளந்து தெரியிற வட்டம் இருந்தா அதுல இமை கோடு ஒண்ணா சேரணும், சேந்ததும் மூச்ச விட்டுட்டே அமுக்குங்க. எஃப்/1.8 இருக்கேன்னு முழுசா திறந்து எடுத்தா ஒரு கண்ணு தெளிவா மூக்கு மங்கலா வரும், எஃப்/2.8, எஃப்/4 போதும். ரொம்ப கிட்டப் போகாதீங்க, 50ல கிட்டப் போனா மூக்கு பெருசாகும், இடுப்பு வரைக்கும் எடுங்க. மூஞ்சி மட்டும் வேணும்னா 85 எம்எம் இல்லைன்னா 105 எம்எம் லென்ஸ், அது ஆறு ரோலுக்கு அப்புறம்.

எங்க அம்மாயிய எடுக்கும்போது கேமராவ பாத்ததும் முந்தானைய சரி பண்ணி பாஸ்போர்ட் போட்டோ மாதிரி விறைச்சுட்டாங்க. நான் ஒண்ணு அப்படியே எடுத்தேன், அவங்களுக்காக. அப்புறம் பூண்டு உரிச்சுட்டு இருங்கம்மாயின்னு சொல்லிட்டு எதிர்ல உக்காந்து ஊர்க்கத கேட்டுட்டே இருந்தேன், இருபது நிமிஷத்துல மூணே மூணு கிளிக். அந்த மூணையும் யாரு நல்லா இருக்குன்னு சொன்னாலும் சரி, அவங்க ஃப்ரேம் போட்டு மாட்டச் சொன்னது விறைப்பா நின்ன முதல் படத்தத்தான்.

கழுவுறதும் பத்திரம் பண்றதும்

கலர் லேபுக்கு. கருப்பு வெள்ளை வீட்லயே பண்ணலாம், இருட்டு ரூம் தேவையில்ல. கை விட்டு வேலை செய்யிற வெளிச்சம் புகாத சேஞ்சிங் பேக் ஒண்ணு, உள்ள ஃபிலிம் சுத்துற ரீல் இருக்கிற டேங்க் ஒண்ணு, தெர்மாமீட்டர், படத்த வெளிய கொண்டு வர்ற டெவலப்பர், அத நிலைக்க வெக்கிற ஃபிக்ஸர். கெட்டுப் போன ஒரு ரோல வெச்சு கண்ண மூடிட்டு ரீல்ல சுத்த பழகுங்க, பத்து தடவ.

புத்தகத்துல எல்லாம் 20 டிகிரின்னு இருக்கும், நம்ம குழாய்ல வர்றது 30. எச்பி5க்கு டி-76ங்கிற டெவலப்பர்ல தண்ணி கலக்காம 20 டிகிரில ஏழரை நிமிஷம், சூடு ஏற ஏற நேரம் குறையும், அஞ்சு நிமிஷத்துக்கு கீழ வந்தா திட்டுத்திட்டா விழும். அதனால டெவலப்பர தண்ணியோட சரிபாதி கலந்துக்கோங்க, 20 டிகிரில 11 நிமிஷம், 24 டிகிரில எட்டு நிமிஷத்துக்கு கொஞ்சம் கம்மி, இது நம்ம ஊருக்கு தோதா இருக்கும். பக்கெட்ல ஐஸ் தண்ணி வெச்சு அதுல பாட்டில நிக்க வெச்சா 24க்கு வந்துடும். ஒவ்வொரு நிமிஷமும் முதல் பத்து செகண்ட்ல டேங்க நாலு தடவ கவுத்து நிமித்தணும். அப்புறம் தண்ணில அலசி ஃபிக்ஸர் அஞ்சு நிமிஷம், நல்லா கழுவி, பாத்ரூம்ல ஃபேன் போடாம தொங்க விடுங்க, ஃபேன் போட்டா தூசி எல்லாம் அதுலதான் உக்காரும். ஃபிக்ஸர் நல்லா இருக்கான்னு பாக்க ஃபிலிம் முனைல ஒரு துண்ட வெட்டி அதுல போடுங்க, தெளிய எவ்வளவு நேரம் ஆகுதோ அதுக்கு ரெண்டு மடங்கு நேரம் ரோலுக்கு குடுங்க.

பயன்படுத்தி முடிச்ச ஃபிக்ஸர்ல வெள்ளி இருக்கும், செடிக்கு ஊத்தாதீங்க, கேன்ல சேத்து லேப்ல கேட்டா சில பேர் வாங்கிக்குவாங்க.

கேமராவையும் லென்ஸையும் காத்து போகாத டப்பால சிலிக்கா ஜெல்லோட வைங்க, தோல் கவர்ல வைக்காதீங்க, ஃபங்கஸுக்கு அது வீடு. நெகட்டிவ ஆறு ஆறா வெட்டி பிளாஸ்டிக் ஸ்லீவ்ல போட்டு மேல தேதியும் நோட்டு பக்க நம்பரும் எழுதுங்க. ஸ்கேன் வந்துடுச்சுன்னு நெகட்டிவ லேப்லயே விட்டுடாதீங்க, ரோல் குடுக்கும்போதே நெகட்டிவ் திரும்ப வேணும்னு கவர் மேல எழுதுங்க. கூரியர்ல வரலைன்னா அந்த வாரமே போன் பண்ணி கேளுங்க, மூணு மாசம் கழிச்சு கேட்டா குப்பைல போயிருக்கும்.